பெரிய அண்டாவுக்குள் எலி

எங்கள் வீட்டில் முதலில் சாப்பிடுவது நான். எனக்கு முன் என் அப்பா அப்படிச் சாப்பிட்டார்; அவருக்கு முன் அவருடைய அப்பா. நான் கை கழுவி எழுந்த பிறகு மகன் ஜீவராஜ் உட்காருவான். அவனுக்குப் பிறகு என் மனைவி சீதாலெட்சுமி. எல்லோருக்கும் பரிமாறி, அடுப்படியை ஒதுக்கிவிட்டு, மருமகள் லோஜினி கடைசியில் சாப்பிடுவாள். என் தட்டில் என் பெயர் வெட்டியிருக்கும். அதில் வேறு யாரும் சாப்பிட்டதில்லை.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. நோர்வூட் டவுனில் என்னைப் பற்றி இப்போது சில கதைகள் உலாவுகின்றன. பெரியதம்பி முதலாளி மருமகள் பேச்சுக்கு ஆடுகிறார் என்பது ஒன்று. மருமகள் வயிற்றிலிருந்து எடுத்த கல்லைப் போத்தலில் போட்டு வைத்திருந்தார் என்பது இன்னொன்று. ஊர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

எங்களுடையது பாத்திரக்கடை; விற்பதும் உண்டு, வாடகைக்கு விடுவதும் உண்டு. டயகமவிலிருந்து பொகவந்தலாவை வரை, தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எது நடந்தாலும் சோறு வேகுவது எங்கள் அண்டாக்களில்தான். அவற்றில் பெரிய அண்டா என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்து குடை பிடிக்கலாம். மாரியம்மன் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் கடைக்குப் பின்னால் ஸ்டோர் அறையில் மூடி போட்டுக் கிடக்கும். அந்த அண்டாவை என் தாத்தா கோயிலுக்கென்று வாங்கியதால், அன்னதானத்தில் முதல் பந்தியின் முதல் இலை எங்கள் வீட்டுக்கு. முதல் இலைக்காரர் ஒரு வாய் வைக்காமல் அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

லோஜினி டயகமப் பெண்; இங்கே தோட்டத்து ஸ்கூலில் டீச்சர். அவளுடைய அப்பா சோலைமலை, தோட்டத்தில் கண்டாக்கு என்கிற மேற்பார்வை வேலை பார்த்து, வெயிலிலும் பனியிலும் ஆட்களை அதட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணத்தன்று லோஜினி எப்படி இருந்தாள் என்றால், மாலையின் கனத்துக்குத் தோள் சரிந்தது. படம் எடுத்தவன், "பொண்ணு கொஞ்சம் நேரா நில்லுங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக்கு வந்து சில வருடங்களில் நன்றாகப் பூரித்துவிட்டாள். பூரித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் படியேறினால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு அதில் பெருமைதான். சோலைமலையே ஒருமுறை கோயிலில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"சம்பந்தி, எங்க புள்ளைய நீங்க கொறையில்லாம வச்சிருக்கீங்கன்னு தனியா சொல்லவே வேணாம். பாத்தாலே தெரியுது."

அதே வருடம் எங்கள் ஸ்டோர் அறையில் எலித் தொல்லை தொடங்கியது. பெரிய அண்டாவின் மூடி கொஞ்சம் விலகியிருக்கும். உள்ளே பார்த்தால் பிஸ்கட் கடதாசி, பாண் ரொட்டித் துண்டு, கேக் சுற்றிய பேப்பர். ஒருநாள் காலியான டின்பால் டின் ஒன்றும் கிடந்தது.

"எலிக்கு டின் தொறக்கத் தெரியுமாங்க?" என்று கேட்டாள் சீதாலெட்சுமி.

"டவுன் எலி" என்றேன்.

இரும்புப் பொறி ஒன்றை வாங்கி அண்டாவுக்குள்ளேயே வைத்தேன். எலி அகப்படவில்லை. ஆனால் அதன் பிறகு கொஞ்ச காலம் வரத்து நின்றது. என் யோசனை பலித்தது என்று நினைத்தேன்.

புரட்டாசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். நான் ரசத்துக்கு வந்திருந்தேன். லோஜினி கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணுங்க."

"சொல்லும்மா."

"நான் வயித்துல ஒபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். கண்டியில பெரிய ஆஸ்பத்திரியில செய்றாங்களாம். வயித்துல முக்காவாசிய வெட்டி எடுத்துட்டு, ஒரு வாழைப்பழ அளவுக்கு மீதிய விட்டு தைச்சிருவாங்க. அப்புறம் கொஞ்சமாத்தான் சாப்பிட முடியும். உடம்பு கொறைஞ்சிரும்."

ரசம் தவறான வழியில் போய் எனக்குப் புரையேறியது. சீதாலெட்சுமி ஓடிவந்து தலையில் தட்டினாள். விஷயத்தைக் கேட்டதும் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"வெட்டி எடுக்கிறதா? நம்ம வீட்டுச் சோறு தின்னு வளந்த வயித்தையா? ஏன்டா ஜீவராஜ், ஒம் பொண்டாட்டி பேசுறது கேக்குதா?"

ஜீவராஜ் கதவோரம் நின்று கூரையைப் பார்த்தான். வீட்டில் எது நடந்தாலும் அவனுக்குக் கூரையில் ஏதாவது வேலை இருக்கும்.

"சுகர் வந்திருச்சு மாமா" என்றாள் லோஜினி. "முழங்கால் தாங்க மாட்டேங்குது. எங்க ஸ்கூல் மலை உச்சியில இருக்கு. காலையில ரெண்டு புள்ளைங்க முன்னால இழுக்குதுங்க, ரெண்டு புள்ளைங்க பின்னால தள்ளுதுங்க. போன வாரம் ஒருத்தன் தேர் இழுக்கிற மாதிரி 'அரோகரா'ன்னு கத்துறான். நானே சிரிச்சிட்டேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடியது. மருமகள் மெலிவதற்கு வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? அந்த வீட்டில் சோற்றைத் திணித்தே கெடுத்தார்கள் என்று சொல்லும். இல்லையென்றால், சோறு கொடுக்கப் பயந்து வயிற்றையே வெட்டிவிட்டார்கள் என்று சொல்லும். பாத்திரம் விற்கும் குடும்பத்துக்கு இரண்டும் ஆகாது. ஆனால் சுகரும் முழங்காலும் பொய் இல்லையே.

யோசித்து முடிவு சொன்னேன். "ஒபரேஷன் செஞ்சிக்க. ஆனா வெளியில யார் கேட்டாலும் பித்தப்பையில கல்லு. அவ்வளவுதான்."

"கல்லா?" என்றான் ஜீவராஜ், கூரையிலிருந்து இறங்கி.

"கல்லு கௌரவமான வியாதி. பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் வருது."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சீதாலெட்சுமி பக்கத்துத் தேநீர்க் கடை வேலாயியிடம் மட்டும் சொன்னாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கடைசி பஸ்ஸின் கண்டக்டர் வரை, "மொதலாளி, மருமகளுக்குக் கல்லாமே?" என்று விசாரித்தான். அடுத்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆயுள் முழுவதும் மருந்து கொடுத்த வீரய்யா வந்தார். தானே டொக்டர் என்ற நினைப்பு அவருக்கு இன்னும் போகவில்லை.

"கல்ல எடுத்தா போத்தல்ல போட்டுக் கையில குடுப்பாங்க மொதலாளி. அது நம்ம உரிமை. கேட்டு வாங்கிட்டு வாங்க. நான் பாத்து, எதனால வந்த கல்லுன்னு சொல்லிருவேன்."

இது ஒரு புதுச் சங்கடம். வீரய்யா ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் பார்க்காமல் விடமாட்டார். பேச்சு வந்துவிட்ட பிறகு கல் இல்லாமல் எப்படி? ஆற்றங்கரைக்கு நடக்கப் போவது போலப் போய், மஞ்சளும் கருப்புமாக, பார்த்தால் வயிற்றுக்குள் இருந்தது போலத் தோன்றும் ஒரு சிறு கல்லைத் தேர்ந்தெடுத்தேன். கழுவி ஒரு மருந்துப் போத்தலில் போட்டு, கடை மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒபரேஷனுக்கு முன்பே கல் தயார்.

கண்டிக்குப் போன லோஜினியும் ஜீவராஜும் முகம் தொங்கித் திரும்பினார்கள். சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் அவளிடம் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார். பிறகு, இப்போது வெட்ட முடியாது, முதலில் மனநல டொக்டரைப் பாருங்கள் என்று வேறொரு மாடிக்கு அனுப்பியிருக்கிறார். அந்த டொக்டர் நோனா, நம் பேச்சில் டொக்டர் அம்மா, கேட்டாராம், "உங்கள் வீட்டில் சாப்பாட்டு விஷயத்தில் யார் சொல்வது நடக்கும்?" இருவரும் ஒரே நேரத்தில் என்னைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை அவரை அழைத்து வாருங்கள் என்றிருக்கிறார்.

"மனநல டொக்டர்" என்றேன். "எங்க குடும்பத்துல ஒருத்தர் அந்தப் படி ஏறினதில்ல."

"மாமா, நீங்க வரலன்னா எனக்கு ஒபரேஷன் இல்ல" என்றாள் லோஜினி. குரலை உயர்த்தவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

கல்யாணத்துக்கு மட்டும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். யாராவது பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

டொக்டர் நோனா வயதில் சின்னவர். சிங்களத்தில் பேசினார், நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எழுந்து நின்று என்னை வரவேற்றார். அது எனக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் பிடிக்கவில்லை.

"லோஜினி, ஒரு நாளில் எப்போது எப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மாமாவுக்கும் சொல்லுங்கள்."

லோஜினி மேசையைப் பார்த்துக்கொண்டு தமிழிலேயே சொன்னாள். "காலையில பால் இல்லாத பிளேன்டி மட்டும் மாமா. ஸ்கூல்ல ஒன்னும் சாப்பிட மாட்டேன், புள்ளைங்க பாக்கும்னு. வந்து ஒங்களுக்குப் போட்டு, அவருக்குப் போட்டு, அத்தைக்குப் போட்டு, கழுவி முடிக்க நாலு மணியாயிரும். அதுக்குள்ள கை நடுங்கும். அப்புறம் சட்டியில இருக்கிறதெல்லாம் சாப்பிடுவேன். அதோட நிக்காது. பாண், பிஸ்கட், டின்பால்... வயிறு வலிக்கும், மூச்சு முட்டும், ஆனாலும் கை தானா போகும். நிறுத்தவே முடியாது. அப்புறம் அசிங்கமா இருக்கும். நாளைக்கு ஒன்னுமே சாப்பிடக் கூடாதுன்னு சத்தியம் பண்ணுவேன். மறுநாள் நாலு மணிக்கு அதே கதை."

"பிஸ்கட்டெல்லாம் வீட்டில் எங்கே வைப்பீர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

லோஜினி என்னைப் பார்த்தாள்.

"பெரிய அண்டாவுக்குள்ள."



"அப்ப எலி?" என்றேன்.

"நான்தான் மாமா."

டொக்டர் நோனாவுக்கு அண்டா, எலி எல்லாம் விளக்க வேண்டியிருந்தது. நான்தான் விளக்கினேன். டின்பால் டின் வரை சொன்னேன். அவர் கையால் வாயை மறைத்துக்கொண்டார். லோஜினியும் சிரித்துவிட்டாள். பிறகு டொக்டர் சிரிப்பை ஒதுக்கிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"இது பேராசையும் இல்லை, சோம்பலும் இல்லை. ஒரு நோய். நோய் இருக்கும்போதே வயிற்றைச் சுருக்கினால் வயிறுதான் சின்னதாகும். நோய் பழைய அளவிலேயே இருக்கும். சின்ன வயிற்றில் அள்ளித் திணித்தால் வாந்தி, வலி, ஆபத்து. மருந்து கொடுக்கிறேன். இங்கே வந்து பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அவர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். காலை, மத்தியானம், மாலை, உட்கார்ந்து, துணையோடு. அவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று யாரும் புகழவும் கூடாது, பழிக்கவும் கூடாது. இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தவும் கூடாது. அரை வருடம் போல இப்படிப் போனால் ஒபரேஷனைப் பற்றி நானே எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுவது யார்?"

"நான்."

"நல்லது. அவர் உங்களோடு உட்காரட்டும்."

"அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, நோனா."

"அப்படியானால் இங்கே ஒபரேஷனும் இல்லை, மஹத்தயா" என்றார் அவர், எனக்குச் சமமான மரியாதையோடு.

பஸ்ஸில் திரும்பினோம். வழியில் வடைக்காரன் ஏறினான். லோஜினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் பசிதான், நானும் மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். வடைக்காரன் இறங்கிய பிறகு அவள் சொன்னாள்.

"மாமா, அந்தப் பொறி நல்ல பொறிங்க. என் விரல் மாட்டிக்கிச்சு."

அவள் விரலில் துணி கட்டியிருந்தது ஞாபகம் வந்தது. ஸ்கூல் அலுமாரிக் கதவு நசுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தாள். நானும், பார்த்து நடந்துக்கம்மா என்று புத்தி சொல்லியிருந்தேன். இப்போது பார்த்தேன். நகம் கோணலாக முளைத்திருந்தது.

"கத்தக்கூடாதா?" என்றேன்.

"கத்துனா எலி யாருன்னு தெரிஞ்சிருமே."

கோட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹட்டனில் இறங்கும்போது அவள் பையை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் பொறியை வேலாயியிடம் கொடுத்துவிட்டேன். அவள் கடையில் உண்மையாகவே எலி உண்டு.

மறுநாள் மத்தியானம் நான் மேசையில் உட்கார்ந்து, "லோஜினி, நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வந்து உக்காரு. டொக்டர் உத்தரவு" என்றேன்.

சீதாலெட்சுமி கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள். "ஓஹோ. அப்ப நான்?"

"நீயும்தான் உக்காரேன்."

"நானும் உக்காந்தா போடுறது யாரு?"

மூவரும் ஜீவராஜைப் பார்த்தோம். அவன் கூரையைப் பார்த்தான். கூரை அன்று உதவவில்லை. சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பருப்பை என் தட்டிலும் மேசையிலும் சரிபாதியாக ஊற்றினான்.

அதுவரை நான் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எனக்கே கூச்சமாக இருந்தது. சீதாலெட்சுமி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சத்தமாவா மெல்லுவீங்க? அடுப்படியில இருந்து கேட்டா ஆட்டுக்கல்லுன்னு நெனைப்பேன்" என்றாள். லோஜினி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்றால் வேறு எதைப் பேசுவது என்பது முதல் வாரம் பெரும் பாடாக இருந்தது. "இன்னும் கொஞ்சம்" என்ற சொல் என் மனைவியின் நாக்கிலேயே பிறந்தது. அதை விழுங்கி விழுங்கி அவளுக்கு விக்கல் வந்தது. பிறகு பழகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நடந்த சண்டை, ஸ்கூலில் அதிபர் மறந்து வைத்த குடை, ஜீவராஜ் வைக்கும் குழம்பின் நிறம். குழம்பின் நிறம் சாப்பாட்டுப் பேச்சில் சேருமா என்று டொக்டரிடம் கேட்கச் சொன்னேன். சேராது, அது எச்சரிக்கை என்று பதில் வந்தது.

எல்லாம் சீராகப் போனது என்று சொல்ல மாட்டேன். கார்த்திகையில் ஒருநாள் அண்டாவின் மூடி விலகியிருந்தது. உள்ளே கடதாசி. எனக்கு நெஞ்சு வரை கோபம் ஏறியது. மத்தியானம் லோஜினி வந்து உட்கார்ந்தாள், தட்டைத் தொடவில்லை. "நேத்து எலி வந்துச்சு மாமா" என்றாள். பழிக்கக் கூடாது என்பது உத்தரவு. என் வாழ்க்கையில் நான் விழுங்கியதிலேயே கடினமானது அந்த ஒரு வாய் கோபம்.

"எலி வந்தா வரட்டும். நீ சாப்பிடு, நேரமாகுது" என்றேன்.

சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கி, அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் எங்கள் கடை வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும் காலம் வந்தது. எலி வருவது குறைந்தது. பிறகு நின்றது. பங்குனியில் திருவிழா. திருவிழா முடிந்த மறுவாரம் கண்டிக்குப் போனால், டொக்டர் நோனா எழுதிக் கொடுப்பாரா மாட்டாரா என்பது தெரிந்துவிடும்.

திருவிழாவுக்கு முதல் நாள் லோஜினியிடம் சொன்னேன். "நாளைக்கு நம்ம வீட்டுப் பொம்பளைங்களும் பந்தியில பரிமாறணும். நாலு மணியாயிரும். ஒனக்கு எப்படி?"

"ஒரு நாள்தானே மாமா. ஊர் வழக்கத்த என்னாலயா மாத்தணும்?" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கோணல் நகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்னதானப் பந்தலில் முதல் இலையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சம்பந்தி சோலைமலை, அடுத்து வீரய்யா, எதிரில் கோயில் கமிட்டித் தலைவர் செல்லசாமி. பெரிய அண்டாவிலிருந்து ஆவி எழுந்தது. லோஜினி சோற்று வாளியோடு வரிசையில் வந்தாள். வீட்டில் என்றால் அவள் எங்கள் மேசையில் உட்காரும் நேரம் அது. அவள் எனக்குப் போட்ட சோற்றில் பாதி இலைக்கு வெளியே விழுந்தது. அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. பெரிய அண்டாவைப் பார்த்தது. நாலு மணி ஆனால் என்ன ஆகும் என்று அந்தப் பந்தலில் எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் இலை எங்கள் வீட்டுக்கு உரியது. எந்த ஆளுக்கு என்று யாரும் எப்போதும் சொன்னதில்லை. எழுந்தேன்.

"லோஜினி, வாளியக் குடு. இங்க உக்காரு."

"மாமா!"

"உக்காரும்மா."

செல்லசாமி கழுத்தை நீட்டினார். "என்ன மொதலாளி இது? பரிமாற வந்த பொம்பள முதல் பந்தியில? கல்லுக்கு மருந்து குடிக்கிற நேரமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். அவரே வழி காட்டிவிட்டார். ஆனால் மருந்து என்றால் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, குடித்துவிட்டு எழுந்து பரிமாறு என்று சொல்வார்கள். அவள் வாளியை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

"கல்லு இல்ல" என்றேன். என் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிது. "எங்க மருமகளுக்குக் கல்லே இல்ல. அவளுக்குச் சாப்பாட்டு வியாதி. பட்டினி கிடந்தா அது வரும். மறைச்சுச் சாப்பிட்டா வளரும். நேரத்துக்கு உக்காந்து நாலு பேரோட சாப்பிடுறதுதான் மருந்து. வயித்துல ஒபரேஷனும் செய்யப் போறாங்க, உடம்பு கொறைய. இது எங்க வீட்டு இலை. இன்னைக்கு இதுல அவ சாப்பிடுவா. யாருக்காவது கேக்கணும்னா எங்கிட்ட கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. சோலைமலை மட்டும் மகளைப் பார்த்து, "இத்தன வருஷம் நீ சொல்லவே இல்லையே ஆத்தா" என்று மெதுவாகச் சொல்லி, இலைக்கு இடம்விட்டு நகர்ந்தார். லோஜினி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முதல் இலைக்காரர் வாய் வைக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். பந்தல் முழுக்க, சோற்றுக்கு முன் கையைக் கட்டிக்கொண்டு, லோஜினியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கூலில் பிள்ளைகள் பார்க்கும் என்று பட்டினி கிடந்த பெண். சாப்பிடுவதை ஒரு அண்டாவுக்கு மட்டும் காட்டிய பெண். அவளுக்கு நான் செய்தது உதவியா தண்டனையா என்று தெரியாமல் வாளியோடு நின்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, பருப்பு இன்னும் வரல" என்றாள்.

பருப்பு என் பொறுப்பு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓடிப்போய்க் கொண்டுவந்து ஊற்றினேன். ஜீவராஜின் கைராசி எங்கிருந்து வந்தது என்பது அன்று ஊருக்கே விளங்கியது. பாதி வீரய்யாவின் வேட்டியில். லோஜினி சிரித்தாள். சிரித்த வாயோடு முதல் கவளத்தை வைத்தாள். பந்தல் முழுக்க இலைகள் சலசலத்தன.

குழம்பு வாளியோடு நின்ற பேச்சியம்மா, கோயில் வாசல் கூட்டுகிறவள், வாளியைத் தரையில் வைத்தாள். "அப்ப எனக்கும் அந்த வியாதிதான் போலருக்கு. காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல" என்று சொல்லி லோஜினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பளம் வைத்திருந்தவள் அடுத்து உட்கார்ந்தாள். பாயாசமும் உட்கார்ந்தது. கடைசியில் சீதாலெட்சுமியும், "எனக்கும் நாள்பட்ட வியாதிங்க" என்று இலையைத் துடைத்தாள். முதல் பந்தியில் இடம் போதாமல் ஆண்கள் எழ வேண்டியதாயிற்று. எழுந்தவர்கள் கையில் வாளி வந்து சேர்ந்தது. செல்லசாமி அப்பளக் கூடையோடு வரிசையில் போன அழகை நான் மறக்க மாட்டேன்.

வீரய்யா வேட்டியைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தார். "நெசமாவே கல்லு இல்லையா மொதலாளி?"

"இல்ல."

"அப்ப ஒங்க மேசை இழுப்பறையில போத்தல்ல இருக்கே, அது?"

ஜீவராஜ் காட்டியிருக்கிறான். அது ஆற்றுக் கல் என்று எவ்வளவோ சொன்னேன். வீரய்யா கண்ணைச் சிமிட்டி, "புரியுது, குடும்ப விஷயம்" என்று சொல்லி, மறுநாள் கடைக்கு வந்து போத்தலை வாங்கிக்கொண்டு போனார். இன்றும் பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, பித்தம் அதிகமானால் இந்த நிறம் வரும் என்று விளக்குகிறாராம். உண்மையைப் பந்தலில் நின்று சொன்ன பிறகும் ஊரில் பாதிப் பேர் நம்புவது அந்தக் கல்லைத்தான். என் பொறுப்பு சொல்வதோடு முடிந்தது.

டொக்டர் நோனா எழுதிக் கொடுத்தார். வெசாக் பண்டிகைக்குக் கட்டிய காகித விளக்குக் கூடுகளைக் கழற்றிய வாரத்தில் ஒபரேஷன் நடந்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், மகளுக்கு என்ன வியாதி என்று கேட்டார். மருமகள் என்று திருத்திவிட்டு, வியாதியையும் ஒபரேஷனையும் முழுக்கச் சொன்னேன். அவர் தன் மகனும் அதற்காகத்தான் வந்திருக்கிறான், ஊரில் ஹெர்னியா என்று சொல்லியிருக்கிறோம் என்றார். ஹெர்னியாவும் மோசமில்லை; காட்டுவதற்குக் கல் தேவைப்படாது.

இப்போது லோஜினி இரண்டு கரண்டிச் சோற்றை அரை மணி நேரம் மென்று சாப்பிடுகிறாள். எலி இன்னும் எப்போதாவது மனதுக்குள் எட்டிப் பார்க்கும் என்கிறாள். மாதாமாதம் கண்டிக்குப் போய் வருகிறாள். மலைப் பாதையில் அவளைத் தள்ளப் பிள்ளைகள் தேவைப்படவில்லை. அவர்களுக்குத்தான் ஏமாற்றம். பெரிய தட்டில் இரண்டு கரண்டிச் சோறு பார்க்க நன்றாக இல்லை என்று, கடையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்து அவள் பெயரை வெட்டிக் கொடுத்தேன். பெயர் வெட்டும் மெஷினை நான் தொட்டு வெகு காலம் ஆகியிருந்தது. எழுத்து அவள் நகத்தைப் போலக் கொஞ்சம் கோணிவிட்டது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல வேற யாரும் சாப்பிடக் கூடாதுங்க" என்றாள்.

நால்வரும் ஒரே நேரத்தில்தான் உட்காருகிறோம். ஜீவராஜ் சட்டிகளை மேசையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறான், சிந்துவது குறைந்திருக்கிறது. லோஜினி முடிக்கும் வரை யாரும் எழுவதில்லை. என் சோறு ஆறிவிடுகிறது, ஆறட்டும். ஆனால் வழக்கம் மாறிவிட்டது என்று கடைத்தெருவில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் இன்றும் முதலில் சாப்பிடுவது நான்தான். மற்ற மூவரும் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் தொடங்குவார்கள்.

ஒரு வாய். அதற்கு மேல் தாமதித்தால் சீதாலெட்சுமி முறைக்கிறாள்.